துளைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்



கடந்த வாரம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு நற்செய்தி கிடைத்தது. குடும்ப தினத்தில் திரட்டிய தொகையிலிருந்து 3,000 ரிங்கிட்டை ஒதுக்கிப் பள்ளிக்கு ஒரு புதிய படக்கருவி வாங்குவதென முடிவாயிற்று. நாசி லெமாக்கும் உளுந்து வடையும் விற்றுச் சேர்த்த பணம் அது. "ஐயா, படமெடுப்பதில் உங்களுக்குத்தான் ஆர்வம் அதிகம். நீங்களே பார்த்து ஒன்றை வாங்கிவிடுங்கள்" என்றார் சங்கத் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் உடனே தலையாட்டவில்லை. காரணம், சென்ற முறை வாங்கியவனும் நானே. அந்தத் தவற்றைச் சொல்லாமல் இந்த முறை கடைக்குப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்ற முறை வாங்கியது மிரர்லெஸ் வகைப் படக்கருவி. உள்ளே கண்ணாடி இல்லாததால் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்கும். மாணவர் கைக்கு ஏற்றது. பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த வரிசையில் ஆக மலிவானது. பெயர் இங்கு வேண்டாம். அந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். 24 மெகாபிக்சல் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வாங்கினேன்.

2022-ஆம் ஆண்டு. கதைசொல்லும் போட்டிக்கு மாணவர்கள் நேரில் வர வேண்டியதில்லை, காணொளியாகப் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்றார்கள். எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வாரம் பயிற்சி எடுத்திருந்தாள். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளை. 'மழை', 'வாழை', 'கிழவி' ஆகிய சொற்களில் வரும் ழகரத்தை நாக்கில் கொண்டு வர அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். இடைவேளையில் உணவைத் தள்ளி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து சொல்லிக் காட்டுவாள். கடைசியில் அந்த ஒலி அவளுக்கு வசப்பட்டது. வகுப்பே கேட்டு மகிழ்ந்தது.

பதிவு நாளன்று மண்டபத்தில் ஐந்து விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினால் பிள்ளைக்கு வியர்த்து ஒப்பனை கலைந்துவிடும். அதனாலென்ன, நம்மிடம் சட்டைக் கழுத்தில் மாட்டும் ஒலிவாங்கி இருக்கிறதே என்று பெட்டியைத் திறந்தேன். ஒலிவாங்கியின் செருகியைக் கையில் வைத்துக்கொண்டு படக்கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்க மூடியைத் திறந்தேன். வலப்பக்க மூடியைத் திறந்தேன். ஒலிவாங்கியைச் செருகும் துளையே அதில் இல்லை.

படக்கருவியின் உள்ளே இருக்கும் சிறு ஒலிவாங்கியை நம்பிப் பதிவு செய்தோம். வீட்டுக்குச் சென்று கேட்டேன். விசிறியின் இரைச்சலுக்குள் அவள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. ழகரமா ளகரமா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, "ஐயா, நான் சரியாகத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். சரியாகத்தான் சொன்னாள். நடுவர்களுக்கு அது கேட்காது, அவ்வளவுதான்.

மறுபதிவுக்கு ஒரே நாள்தான் இருந்தது. என் கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி, பிள்ளையின் பாவாடை இடுப்பில் செருகி மறைத்தேன். படக்கருவிக்கு முன்னால் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டினேன். பிறகு கணினியில், கை சேரும் படத்தையும் அந்த ஓசையையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கைப்பேசியின் ஒலியைப் படத்தோடு இணைத்தேன். இரவு ஒரு மணி ஆயிற்று. வேறு வழியற்ற ஆசிரியர்கள் இந்த முறையைக் கையாளலாம், செலவில்லாதது. ஆனால் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை இருந்திருந்தால் இத்தனை வேலைக்குத் தேவையே இருந்திருக்காது.

அதன்பின் ஒவ்வொரு நிறுவனத்தின் விவரப் பட்டியலையும் படிக்கத் தொடங்கினேன். மலிவான படக்கருவிகளில் ஒலிவாங்கித் துளை இல்லாதது புதுமை அன்று என்று அப்போதுதான் தெரிந்தது. 2014-இல் வந்த சோனி ஏ6000-இல் அது இல்லை. 2019-இல் வந்த கேனான் எம்200-இல் இல்லை. 2020-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4-இல் இல்லை. கண்ணாடி உள்ள படக்கருவிகளின் காலத்திலேயே இந்த வழக்கம் இருந்தது. 2014-இல் வந்த நிக்கான் டி3300-இல் அந்தத் துளை இருந்தது. அதை அடுத்து 2016-இல் வந்த டி3400-இல் எடுத்துவிட்டார்கள். புதியது வாங்கியவர் பழையதைவிட ஒன்று குறைவாகப் பெற்றார்.

இங்கு என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலிவான கருவியில் சிலவற்றைக் குறைப்பது தவறு என்று நான் வாதிடவில்லை. விலைக்குத் தக்க பொருள்தான் கிடைக்கும். ஆனால் குறைப்பதில் இரண்டு வகை உண்டு. நொடிக்கு 15 படத்துக்குப் பதில் 6 படம் எடுப்பது, 4கே காணொளியில் ஓரங்கள் வெட்டுப்படுவது, உடல் உலோகத்துக்குப் பதில் நெகிழியாக இருப்பது ஆகியவை முதல் வகை. இவற்றைத் திறன் குறைப்பு எனலாம். மெதுவான கருவியைக் கொண்டும் பழகிய கை நல்ல படம் எடுக்கும். இரண்டாவது வகை, பிற கருவிகளோடு சேரும் வழியை அடைப்பது. ஒலிவாங்கித் துளை, ஃபிளாஷ் விளக்கின் தொடுமுனை, லென்ஸ் பொருந்தும் வளையம் ஆகியவற்றில் செய்யும் குறைப்பு இது. இதை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட இயலாது. இல்லாத துளைக்குள் எதையும் செருக முடியாது அல்லவா?

ஃபிளாஷ் விளக்கை எடுத்துக்கொள்வோம். படக்கருவியின் தலைமேல் ஃபிளாஷ் விளக்கை நுழைக்கும் உலோகத் தடம் ஒன்று இருக்கும். ஹாட் ஷூ என்பார்கள். அதன் அளவுகளை ஐஎஸ்ஓ 518 என்னும் அனைத்துலகத் தரம் வகுத்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு தொடுமுனை. படமெடுக்கும் நொடியில் அந்த நடுமுனைக்கும் உலோகத் தடத்துக்கும் இடையே மின்சுற்று மூடும், விளக்கு மின்னும். அவ்வளவு எளிய ஏற்பாடு அது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, கல்வித் தொழில்நுட்பம் கற்பித்த விரிவுரையாளர் ஒரு நிறுவனத்தின் ஃபிலிம் படக்கருவியில் வேறொரு நிறுவனத்தின் விளக்கை மாட்டிப் படமெடுப்பார். மூன்றாவது நிறுவனத்தின் விளக்கும் அதில் வேலை செய்யும். எந்தத் தட்டுக்கும் பொருந்தும் மூடிபோல.

அந்த நடுமுனையைத்தான் இப்போது கைவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேனான் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 1500டி, 3000டி ஆகியவற்றிலும் 2019-இல் வெளியிட்ட 200டி மார்க் 2-இலும் நடுமுனை நீக்கப்பட்டது. கேனானின் சொந்த விளக்குகள் மற்றத் தொடுமுனைகளின் வழியே பேசிக்கொள்வதால் அவை ஒளிரும். நடுமுனையை மட்டுமே நம்பும் மலிவு விளக்குகளும் வானொலி அலையால் விளக்கை இயக்கும் எளிய கருவிகளும் ஒளிரா. இவை மூன்றும் கண்ணாடி உள்ளவை. மிரர்லெஸ் வகையில் 2023-இல் வந்த ஆர்50-இன் தடத்தில் பழைய தொடுமுனைகள் எவையும் இல்லை. புதிய எண்மத் தொடுமுனைகள் மட்டுமே உள்ளன. பழைய விளக்கை மாட்ட வேண்டுமெனில் ஏடி-ஈ1 என்ற அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 40 டாலராக இருந்தது. நம் பணத்தில் கணக்கிட்டால், அந்த அடாப்டரின் விலைக்கே ஒரு மலிவு விளக்கை வாங்கிவிடலாம்!

ஃபிலிம் காலத்து விளக்குகள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். அது இன்றைய கருவியின் மின்சுற்றைப் பழுதாக்கிவிடும் என்பது உண்மை. முன்னாள் மாணவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த விளக்கையும் மின்னழுத்தம் அளந்து பார்த்த பிறகே பயன்படுத்தத் தொடங்கினேன். ஆயினும் அதற்காக முனையையே பிடுங்க வேண்டுமா? விலை உயர்ந்த வரிசைகளில் அதே முனை இன்றும் இருக்கிறதே.

சோனியின் கதை வேறு மாதிரி. 2021-இல் வந்த இசட்வி-ஈ10 மலிவானதுதான். பார்வைக் குழல் இல்லை, உள்ளமைந்த விளக்கு இல்லை. ஆனால் ஒலிவாங்கித் துளை உண்டு. காதில் மாட்டிக் கேட்கும் துளையும் உண்டு. நடுமுனையுள்ள தடமும் உண்டு. பள்ளிக்கு ஏற்ற கருவி என்று பலருக்குப் பரிந்துரைத்தேன். 2024-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் இயந்திர மூடுதிரையை எடுத்துவிட்டு மின்னணு மூடுதிரையை மட்டும் வைத்தார்கள். தலைமேல் தடம் இருக்கிறது; விளக்கை மாட்டலாம்; ஆனால் விளக்கு ஒளிராது. மின்னணு மூடுதிரையில் உணரியின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகும். ஃபிளாஷ் ஒளியோ நொடியின் மிகச் சிறு பங்கே நீடிப்பது. மின்னும் கணத்தில் எல்லா வரிகளும் திறந்திருப்பதில்லை. ஆகவே படத்தின் ஒரு பட்டைதான் வெளிச்சம் பெறும். அதனால் விளக்கையே அனுமதிக்கவில்லை. காணொளி எடுப்போருக்காகச் செய்த கருவி என்பது நிறுவனத்தின் விளக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளியில் காணொளிக்கு ஒன்று, பரிசளிப்பு விழாப் படத்துக்கு ஒன்று என்று இரண்டு கருவி வாங்க எவரிடம் பணம் இருக்கிறது?

தொடுதிரையையும் சொல்லியாக வேண்டும். கேனான் 2012-இல் தன் முதல் மிரர்லெஸ் கருவியான ஈஓஎஸ் எம்-ஐ வெளியிட்டபோதே அதில் தொடுதிரை இருந்தது. பதினோர் ஆண்டு கழித்து, 2023-இல் வந்த ஆர்100-இல் தொடுதிரை இல்லை. திரை அசையவும் அசையாது. விலைதான் காரணமா என்றால், 2019-இல் எம்200 லென்ஸோடு 549 டாலருக்கு வந்தபோது தொடுதிரையும் சாயும் திரையும் இருந்தன. ஆர்100 லென்ஸோடு 599 டாலருக்கு வந்தது. நண்பர் ஒருவரின் ஆர்100-ஐப் படக்கலைக் கழக மாணவர்களிடம் ஒரு நாள் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாரும் செய்த முதல் காரியம், திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தியதுதான். பிறகு, "ஐயா, இது பழுதாகிவிட்டதா?" என்றார்கள். இருப்பினும் இதை நான் பெரிதாகக் குற்றம் சொல்லமாட்டேன். பொத்தானால் செய்ய முடிவது அது. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொள்வார்கள். இணையத்தில் தொடுதிரைக்காக எழுந்த கூக்குரலில் பாதியாவது நடுமுனைக்காக எழுந்திருக்கலாம்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானியப் படக்கருவி உற்பத்தியாளர் சங்கமான சீப்பாவின் கணக்குப்படி 2010-இல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட எண்மப் படக்கருவிகள் 121 மில்லியன். 2023-இல் அது 8 மில்லியனுக்கும் கீழ். கைப்பேசி அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. மலிவான கருவியை விற்றுக் கிடைக்கும் இலாபம் சொற்பம். ஆகவே கீழ்ப்படியில் ஒன்றைக் குறைத்து, "அது வேண்டுமா? அடுத்த படிக்கு வாருங்கள்" என்று ஏணி அமைக்கிறார்கள். அமெரிக்காவில் லென்ஸ் இல்லாத ஆர்100-இன் அறிமுக விலை 479 டாலர். ஆர்50 679 டாலர். இடைவெளி 200 டாலர். வணிகர் கண்ணுக்கு அது சிறிய படி.

ஆனால் அந்த ஏணியில் ஏறாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. தொடக்க நிலைக் கருவி வாங்குபவர் ஈராண்டில் உயர்ந்ததை வாங்குவார் என்ற எண்ணத்தில் அக்கருவி உருவாகிறது. எங்கள் பள்ளிக்கோ அதுதான் முதல் கருவி. பத்தாண்டுக்கு அதுவே கடைசிக் கருவி. அதனோடு சேரும் பொருள்களும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. விளக்கு முன்னாள் மாணவர் தந்தது. முக்காலி மறைந்த ஓர் ஆசிரியருடையது. ஒலிவாங்கி நான் 70 ரிங்கிட் கொடுத்து வாங்கியது. ஒட்டுப்போட்ட சட்டைபோல இருக்கிறது எங்கள் படக்கலைக் கழகம். பொருத்தம் என்பது பணக்காரருக்கு வசதி. எங்களுக்கு அதுதான் கழகமே.

லென்ஸ் செய்தியும் இதே கணக்குதான். ஈஓஎஸ் எம் வரிசை 2023-இல் நின்றுபோயிற்று. அதன் லென்ஸ்களைப் புதிய ஆர்எஃப் வளையத்தில் மாட்டவியலாது. எம் வகையில் வளையத்திலிருந்து உணரி 18 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். ஆர்எஃப் வகையில் 20 மில்லிமீட்டர். லென்ஸை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். அடாப்டர் என்பது தூரத்தைக் கூட்டும், குறைக்காது. மாறாக, 44 மில்லிமீட்டர் தூரமுடைய பழைய ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் மூலம் ஆர்எஃப் கருவியில் தாராளமாக மாட்டலாம்; தானியங்கிக் குவியமும் வேலை செய்யும். ஆக, பெரிய கருவி வாங்கியவரின் பழைய லென்ஸ் பிழைத்தது. சிறிய கருவி வாங்கியவரின் லென்ஸ் அலமாரிக்குப் போனது. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். அது பரவாயில்லை, மாட்டவாவது முடிகிறது.

நல்லதையும் மறைக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் சிக்மாவும் தாம்ரோனும் கேனானின் இசைவோடு ஆர்எஃப் வளையத்துக்குச் சிறு உணரிக் கருவிகளுக்கான லென்ஸ்களை அறிவித்தன. அதே ஆண்டு வந்த நிக்கான் இசட்50 மார்க் 2-இல், முந்தைய இசட்50-இல் இல்லாத காதொலித் துளையைச் சேர்த்தார்கள். வழக்கமான தடமும் உண்டு. எடுத்ததைத் திருப்பித் தரவும் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதன் விலை எங்கள் 3,000 ரிங்கிட்டுக்குள் அடங்காது.

குற்றம் வாங்குபவர்களிடமும் உண்டு, முதலாவதாக என்னிடம். மெகாபிக்சலைக் கேட்டேன், துளையைக் கேட்கவில்லை. கடைக்காரரிடம் யாரும் கேட்காததை நிறுவனம் ஏன் வைக்கப் போகிறது? என் விரிவுரையாளர் அன்று சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது: கருவியைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தைப் பார்க்காதே; மூடிகளைத் திறந்து துளைகளை எண்ணு. நாங்கள் சிரித்தோம்.

கடைக்குச் செல்லும் மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஒலிவாங்கித் துளை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் செருகியைப் பாருங்கள். செருகியின் உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது படக்கருவிக்கு உரியது; மூன்று இருந்தால் கைப்பேசிக்கு உரியது. இரண்டும் ஒரே துளைக்குள் நுழையும். ஆனால் கைப்பேசிக்கு உரியதைப் படக்கருவியில் செருகினால் ஒலி பதிவாகும் என்ற உறுதி இல்லை. இதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வரும் சனிக்கிழமை சங்கத் தலைவரோடு கடைக்குச் செல்கிறேன். முன்னாள் மாணவர் தந்த விளக்கு, கழுத்து ஒலிவாங்கி, பழைய முக்காலி மூன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் அங்கேயே மாட்டிப் பார்த்து, விளக்கு மின்னிய பிறகு, ஒலி கேட்ட பிறகுதான் பணத்தை எடுப்பேன். இவை மூன்றும் பொருந்தும் கருவி புதிதாகக் கிடைக்கவில்லையென்றால், ஒருமுறை பயன்படுத்திய பழைய இசட்வி-ஈ10 ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். அதைக் கேட்டுப் பார்ப்பதாக உத்தேசம். பழையது வாங்கினால் சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அந்த 2022-ஆம் ஆண்டுப் பதிவை, விசிறி இரைச்சலோடு, இன்னும் கணினியில் வைத்திருக்கிறேன்.